எஸ்ஆர்ஒய் இருந்தால் ஆண் என்று முடித்துவிடலாமா?

எக்ஸ் எக்ஸ் என்றால் பெண், எக்ஸ் ஒய் என்றால் ஆண். எஸ்.பி.எம். தேர்வுக்கு உயிரியல் படிக்கும் எந்த மாணவரைக் கேட்டாலும் கட்டம் போட்டுக் காட்டிவிடுவார். தேர்வுக்கு அது போதும். ஆனால், 2025 செப்டம்பர் முதல் அந்தக் கட்டம் ஓடுதளத்துக்கும் வந்துவிட்டது. உலகத் தரவரிசைப் போட்டிகளில் பெண்கள் பிரிவில் ஓட விரும்புபவர், வாழ்நாளில் ஒரு முறை மரபணுச் சோதனை செய்துகொள்ள வேண்டும் என்று உலகத் தடகள அமைப்பு விதித்திருக்கிறது. கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சால் தடவியோ இரத்தம் எடுத்தோ அவர்கள் தேடுவது, ஒய் குரோமோசோமில் உள்ள எஸ்ஆர்ஒய் என்ற ஒரே ஒரு மரபணுவை.

மரபணு இருக்கிறதா என்று பார்ப்பது வேறு, அது உருவாக்கும் புரதம் வேலை செய்கிறதா என்று பார்ப்பது வேறு. இந்தச் சோதனை முதலாவதை மட்டுமே செய்கிறது. அதை இறுதித் தீர்ப்பாகக் கொள்வது தவறு என்பது என் கருத்து.

எஸ்ஆர்ஒய் புரதம் மிகச் சிறியது. மொத்தமே 204 அமினோ அமிலங்கள். அதன் நடுவில் ஏறக்குறைய 80 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு பகுதி, ‘எல்’ எழுத்தைப் போல மடிந்திருக்கிறது. அந்த மடிப்பு டிஎன்ஏ இழையின் குறுகிய பள்ளத்தில் நுழைந்து, இழையையே கூர்மையாக வளைத்துவிடுகிறது. கருவின் ஆறாம், ஏழாம் வாரத்தில் இந்த வேலை நடக்கிறது. அதன் விளைவாக 17ஆம் குரோமோசோமில் இருக்கும் சாக்ஸ்9 என்ற மரபணு முடுக்கிவிடப்படுகிறது. விந்தகம் உருவாகிறது, டெஸ்டோஸ்டிரோன் சுரக்கிறது. சுரந்தால் மட்டும் போதாது. அந்த ஹார்மோனை உயிரணுக்கள் உணர ஓர் ஏற்பிப் புரதம் தேவை. அதன் மரபணு எங்கே இருக்கிறது தெரியுமா? எக்ஸ் குரோமோசோமில்! ஆண் உடல் உருவாக, தாயிடமிருந்து வந்த எக்ஸும் ஒத்துழைக்க வேண்டும். நாம் வரையும் கட்டத்தில் இதற்கு இடமே இல்லை.

இந்தச் சங்கிலி எங்கும் அறுபடலாம். புரதத்தின் அந்த மடிந்த பகுதியில் ஓர் அமினோ அமிலம் மாறினாலே சிலரிடம் விந்தகம் உருவாவதில்லை. எக்ஸ் ஒய் கொண்ட அவர்கள், கருப்பையுடன் பெண்ணாகப் பிறக்கிறார்கள். வேறு சிலரிடம் எஸ்ஆர்ஒய் சரியாக இருக்கும், ஏற்பி வேலை செய்யாது. அவர்களும் பெண்ணாகவே வளர்கிறார்கள். தலைகீழாகவும் நடக்கும். தந்தையின் குரோமோசோம்கள் துண்டுகளைப் பரிமாறிக்கொள்ளும்போது எஸ்ஆர்ஒய் இடம்மாறினால், எக்ஸ் எக்ஸ் கொண்ட ஆண் பிறக்கலாம். 1991இல் பெண் எலிக் கருக்களில் இந்த மரபணுவைச் செலுத்திப் பார்த்தார்கள். சில எலிகள் ஆணாயின. எல்லாம் அல்ல, சில.

விளையாட்டு உலகம் இதை ஏற்கெனவே பார்த்திருக்கிறது. 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் 3,387 வீராங்கனைகளைச் சோதித்ததில் எட்டுப் பேரிடம் எஸ்ஆர்ஒய் இருந்தது. அவர்களில் ஏழு பேருக்கு ஏற்பியில் கோளாறு. எட்டுப் பேருமே போட்டியிட அனுமதிக்கப்பட்டனர். 1999இல் ஒலிம்பிக் குழு அச்சோதனையைக் கைவிட்டது. 1990இல் இந்த மரபணுவைக் கண்டறிந்த குழுவைச் சேர்ந்த ஆண்ட்ரூ சின்கிளேரே, இப்போது அதைக் கொண்டு பாலினத்தைத் தீர்மானிப்பதை எதிர்த்து எழுதியிருக்கிறார்.

மறுதரப்பில் நியாயமே இல்லை என்று சொல்லமாட்டேன். பருவ வயதில் டெஸ்டோஸ்டிரோன் தரும் தசைவலிமை உண்மையானது. பெண்கள் பிரிவுக்குப் பாதுகாப்பு வேண்டும். ஏற்பி முற்றிலும் செயல்படாதவர்களுக்குப் புதிய விதியிலேயே விலக்கும் உண்டு. ஆனால், அந்த விலக்கை நிரூபிக்க ஹார்மோன் சோதனை வேண்டும், சிறப்பு மருத்துவர் வேண்டும், பணமும் வேண்டும். 2006 தோகா ஆசிய விளையாட்டுப் போட்டியில் 800 மீட்டர் ஓட்டத்தில் வெள்ளி வென்றார் புதுக்கோட்டை மாவட்டத்தின் சாந்தி சௌந்தரராஜன், செங்கல் சூளைத் தொழிலாளர்களின் மகள். பாலினச் சோதனையில் தேறவில்லை என்று பதக்கம் பறிக்கப்பட்டது. அவருடைய உடலைப் பற்றி ஊரே பேசியது. அப்படியொரு குடும்பத்துப் பெண் எந்த மரபியல் நிபுணரைத் தேடிப் போவார்? சோதனை வேண்டும் என்பவர்கள், முடிவை இரகசியமாக வைத்திருக்கவும் அடுத்த கட்டப் பரிசோதனைகளின் செலவை ஏற்கவும் முதலில் பொறுப்பேற்கட்டும்.

நம் வகுப்பறைக்கும் இதில் பங்கு உண்டு. புரதத்தின் வடிவம் மாறினால் அதன் வேலையும் மாறும் என்று நொதிப் பாடத்தில் படிக்கிறோம். பூட்டும் சாவியும் என்று படம்கூட வரைகிறோம். பாரம்பரியப் பாடத்துக்கு வந்ததும் அதை மறந்து, எழுத்துகளை மட்டும் கூட்டிக் கழிக்கிறோம். ஒய் குரோமோசோமின் ஆண்களுக்கே உரிய பகுதி 27 வகைப் புரதங்களுக்குக் குறிப்புத் தருகிறது என்று 2003இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. அவற்றில் ஒன்று ரைபோசோமின் உறுப்பு. உடலெங்கும் புரதம் தயாரிக்கும் வேலையில் அதற்குப் பங்குண்டு, பாலினத்தோடு நேரடித் தொடர்பே இல்லை.

அடுத்த முறை ஆசிரியர் கரும்பலகையில் அந்தக் கட்டத்தை வரையும்போது கையுயர்த்திக் கேளுங்கள்: “எஸ்ஆர்ஒய் புரதத்தால் டிஎன்ஏவை வளைக்க முடியாவிட்டால், இந்தப் பிள்ளையை எந்தக் கட்டத்தில் எழுதுவது?”