அஞ்சு நிமிஷம் ஸ்டார்ட் பண்ணி வைத்தால் போதுமா?

எங்கள் வீட்டில் ஒரு பத்மினி இருக்கிறாள். (நடிகை இல்லை சாமி, பிரீமியர் பத்மினி! 1978 மாடல், தாத்தா வாங்கியது.) ஸ்ரீரங்கத்தில் வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் வருஷத்துக்குப் பத்து மாசம் போர்த்திக்கொண்டு தூங்குவாள். மார்கழி பிறந்தால்தான் அவளுக்கு வேலை. வைகுண்ட ஏகாதசிக்கு வெளிநாட்டிலிருந்து பெரியப்பா குடும்பம் வந்து இறங்கும். ஏர்போர்ட், சமயபுரம், குணசீலம் என்று ஒரே ஓட்டம். அவர்கள் ஊருக்குக் கிளம்பியதும் மறுபடி போர்வை.

பிரச்சினை என்னவென்றால், ஒவ்வொரு மார்கழியும் சாவியைத் திருப்பினால் "டிக்" என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். செல்ஃப் எடுக்காது. அஞ்சு வருஷத்தில் மூணு பேட்டரி மாற்றியாயிற்று. போன தை மாசம் அப்பா வெறுத்துப்போய், "இதைக் காயலான் கடைக்குப் போட்டுடலாம்"னு சொல்லிவிட்டார். தாத்தா ஒன்றும் பேசவில்லை. எழுந்துபோய்த் திண்ணையில் உட்கார்ந்துகொண்டார். அவருக்கு 82 வயசு. அந்த முன்சீட்டில் உட்கார்ந்து காவேரிப் பாலத்தைத் தாண்டுவதுதான் அவருடைய வருஷாந்திர ஆசை. எனக்கு மனசு கேட்கவில்லை. "ஒரே ஒரு வருஷம் என்கிட்ட விடுங்கப்பா" என்று கேட்டு வாங்கினேன்.

அதிலிருந்து எனக்கு வந்த கருத்து இதுதான்: பேட்டரியைக் கொன்றது வண்டியின் வயசு இல்லை. "வாரத்துக்கு ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணி அஞ்சு நிமிஷம் விட்டா போதும்" என்ற நம்முடைய வைத்தியம்தான்.

அப்பா ஞாயிறு தவறாமல் அதைச் செய்துகொண்டிருந்தார், பாவம். ஆனால் நடப்பது என்ன? வாரம் முழுக்க நின்ற வண்டியில் கார்புரேட்டர் காய்ந்து கிடக்கும். பெட்ரோல் ஏறும்வரை செல்ஃபை அடித்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒவ்வொரு அடிக்கும் நூறு ஆம்பியருக்கு மேல் உருவும். சரி, எஞ்சின் ஓடும்போது திரும்ப ஏறாதா? எங்கள் வண்டியில் இருப்பது ஆல்டர்னேட்டர் இல்லை, பழைய டைனமோ. ஐட்லிங்கில் டைனமோ ஒன்றும் தராது. டேஷ்போர்டில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டே இருக்குமே, அது "நான் சார்ஜ் பண்ணலை"னு சொல்கிறது. நாம் அதைப் பார்த்துக்கொண்டே காபி குடிக்கிறோம்!

அரைகுறை சார்ஜில் கிடக்கும் பேட்டரிக்குள் என்ன ஆகும்? சார்ஜ் இறங்க இறங்க, ஈயத் தகடுகளில் லெட் சல்ஃபேட் படியும். உடனே சார்ஜ் போட்டால் கரைந்துவிடும். மாசக்கணக்கில் விட்டால் இறுகிப்போகும், போர் தண்ணி காய்ச்சின பாத்திரத்தில் உப்புப் படிவது மாதிரி. அதற்கப்புறம் எவ்வளவு சார்ஜ் போட்டாலும் பழைய தெம்பு வராது.

இன்னொரு விஷயம். நெட்டில் தேடினால் கிடைப்பதெல்லாம் பனி கொட்டும் ஊர்க்காரர்கள் எழுதியது. அவர்களுடைய பயம், சார்ஜ் இல்லாத பேட்டரி குளிரில் உறைந்து வெடித்துவிடும் என்பது. திருச்சியில் உறைகிறதாவது! நமக்கு எமன் வெயில். பேட்டரி சும்மா இருந்தாலும் தானாகவே சார்ஜ் இறங்கும். வெப்பம் 10 டிகிரி கூடினால் அந்த வேகம் ஏறக்குறைய இரண்டு மடங்காகும். அக்னி நட்சத்திரத்தில் வெளியே 40 டிகிரி என்றால் தகரக் கொட்டகைக்குள் கேட்கவே வேண்டாம். அவர்களுக்குக் குளிர்காலம் எப்படியோ, நமக்குச் சித்திரை, வைகாசி அப்படி.

நான் செய்தது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. பேட்டரியைக் கழற்றி ரேழிக்குக் கொண்டுவந்தேன். பழைய வீட்டு ரேழி மே மாசத்திலும் ஜில்லென்று இருக்கும். கழற்றும்போது பாடியோடு சேர்ந்திருக்கும் எர்த் ஒயரை முதலில் எடுக்க வேண்டும், மாட்டும்போது அதுதான் கடைசி. பெரும்பாலும் அது நெகட்டிவ். ஆனால் பழைய பிரிட்டிஷ் டிசைன் வண்டிகள் சிலவற்றில் பாசிட்டிவ்தான் எர்த். பார்த்துச் செய்யவும். டெர்மினலில் பூத்திருந்த வெள்ளைப் பொடியைச் சமையல் சோடா கரைத்த தண்ணீரால் துடைத்து, வாசலின் தடவினேன். தகடு மூழ்கும்வரை டிஸ்டில்டு வாட்டர். காவேரித் தண்ணியாகவே இருந்தாலும் இதில் ஊற்றக் கூடாது!

மாசம் ஒரு தடவை மல்டிமீட்டரில் பார்ப்பேன். 12.6 வோல்ட் என்றால் முழு சார்ஜ். 12.4க்குக் கீழே போனால் சார்ஜ் போட வேண்டும். 12 வரை விட்டால் தப்பு நம்முடையது. சார்ஜர் கரண்ட், பேட்டரி ஆம்பியர் அவரில் பத்தில் ஒரு பங்கு போதும். 35க்கு 3.5. சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வாயு வரும். அதனால் அந்த நேரம் பேட்டரியைக் காற்றோட்டமான கொல்லைப் பக்கம் வைத்துவிடுவேன், பூஜை விளக்குக்கு ரொம்பத் தூரத்தில். "சிமெண்டுத் தரையில வெச்சா சார்ஜ் இறங்கிடும்டா, பலகை போடு" என்றார் தாத்தா. மரப்பெட்டியிலும் ரப்பர் பெட்டியிலும் பேட்டரி வந்த காலத்தில் அது உண்மை, இன்றைய பிளாஸ்டிக் பெட்டிக்குப் பொருந்தாது. இருந்தாலும் பலகை போட்டேன். பெரியவர் பேச்சு :-)

"ஒரு பேட்டரிக்கு இவ்வளவு அலட்டலா, புதுசு வாங்கிக்கலாமே" என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. காசு மட்டும் பிரச்சினை இல்லை. பேட்டரி எடையில் பாதிக்கு மேல் ஈயம். பழைய பேட்டரியை விற்றவரிடமோ அனுமதி பெற்ற மறுசுழற்சிக்காரரிடமோதான் சேர்க்க வேண்டும் என்று 2001லிருந்தே விதி இருக்கிறது, 2022ல் புது விதிகளும் வந்தன. ஆனாலும் எத்தனையோ பேட்டரிகள் எங்கோ ஒரு திறந்தவெளி அடுப்பில் உருகுகின்றன. உலகத்தில் மூன்றில் ஒரு குழந்தையின் ரத்தத்தில் கவலைப்படும் அளவு ஈயம் இருப்பதாக 2020ல் யுனிசெஃபும் பியூர் எர்த்தும் சேர்ந்து வெளியிட்ட அறிக்கை சொன்னது. அதற்கு ஒரு முக்கியக் காரணம் இப்படி உருக்கும் பேட்டரிகள்தான். நாங்கள் சோம்பேறித்தனத்தால் தூக்கிப்போட்ட மூன்றும் எங்கே போனதோ!

சரி, முடிவைச் சொல்லிவிடுகிறேன். இந்த மார்கழியில் பேட்டரியை மாட்டினோம். மீட்டரில் 12.5. முதல் தடவை இருமினாள். இரண்டாவது தடவை எடுத்துவிட்டாள்! அப்பா ஒன்றும் சொல்லாமல் காற்று அடிக்கக் கிளம்பினார். தாத்தா வேஷ்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முன்சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டார்.

உங்கள் வீட்டுக் கொட்டகையிலும் ஒரு அம்பாசடரோ ஸ்டாண்டர்ட் ஹெரால்டோ தூங்கிக்கொண்டிருக்கலாம். அன்பு இருந்தால் கல்லணை வரைக்கும் ஓட்டிப் போய் வாருங்கள். முடியாதென்றால் பேட்டரியைக் கழற்றி நிழலில் வையுங்கள். தயவுசெய்து அந்த அஞ்சு நிமிஷ வைத்தியம் மட்டும் வேண்டாம்.