கம்பியைப் பிடுங்கிப் பாருங்கள்

பனிக்காலம் தொடங்க இரண்டு கிழமை இருக்கும்போது எங்கள் வீட்டு ஹீட் பம்பின் கட்டுப்பாட்டுப் பலகை செத்துப்போனது. பதினைந்து வருடப் பழசு. அதற்கு மாற்றுப் பலகை இப்போது வருவதில்லை. கொம்பிரஸரும் விசிறியும் நன்றாகவே இருந்தன. உள்ளங்கையளவு பலகைக்காக முழு இயந்திரத்தையும் எறிய மனம் வரவில்லை. நிரல் எழுதி ஓட்டக்கூடிய ஆர்டுயினோ என்ற சிறு பலகை ஒன்றை வாங்கி, நானே செய்ய உட்கார்ந்தேன்.

நாங்கள் இருக்கும் ஒஸ்லோவில் மைனஸ் 10 பாகைக் குளிரிலும் வெளிக்காற்றில் வெப்பம் உண்டு. கிணற்றில் தண்ணீர் இறைப்பதுபோல ஹீட் பம்ப் அதை இறைத்து, வீட்டைச் சூடாக்கும் தண்ணீர்த் தொட்டியில் சேர்க்கிறது. வெப்பத்தை உண்டாக்காமல் இறைப்பதால்தான், குளிர் கடுமையில்லாத நாளில் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு மூன்று யூனிட் வெப்பம்கூடக் கிடைக்கிறது.

நிரல் சுலபமாகத் தெரிந்தது. தொட்டி 40 பாகைக்குக் கீழே இறங்கினால் ஓடு, 45க்கு வந்தால் நில். ஒரே மாலையில் எழுதி முடித்தேன். நான்காம் நாள் விடியற்காலை வீடு சில்லிட்டுக் கிடந்தது. திரையில் 85 பாகை.

நான் பொருத்தியது டிஎஸ்18பி20 என்ற வெப்பநிலை சென்சர். மின்சாரம் வந்ததும், முதல் அளவீடு முடியும்வரை அதன் நினைவில் இருக்கும் எண் 85. அளந்து முடிக்க முக்கால் செக்கன் வேண்டும். இணைப்பு ஒன்று தளர்ந்து மின்சாரம் விட்டுவிட்டு வர, சென்சர் திரும்பத் திரும்ப முதலிலிருந்து தொடங்கியது. என் நிரலோ 85ஐ நம்பி, தொட்டி சூடாக இருக்கிறதென்று பம்பை நிறுத்தி வைத்தது. கம்பி அறுந்தால் ஆர்டுயினோவில் வருவது மைனஸ் 127. அதை நம்பினால் கொம்பிரஸர் நிற்காமல் ஓடும். அது இன்னும் ஆபத்து.

அன்றே திருத்தி எழுதினேன். இந்த இரண்டு எண்களையும் வெப்பநிலையாக எடுக்காதே. தொடர்ந்து வந்தால் கொம்பிரஸரை நிறுத்தி மணியடி. குழாய் உறையாதிருக்கத் தண்ணீரைச் சுழற்றும் பம்பை மட்டும் ஓடவிடு. நின்ற கொம்பிரஸரை 5 நிமிடத்துக்கு எழுப்பாதே; வாயு அழுத்தம் சமனாகுமுன் எழுப்பினால் மோட்டார் திணறும். மின்தடைக்குப் பின்னும் அதே 5 நிமிடம்.

ஒன்றை மட்டும் நிரலிடம் ஒப்படைக்கவில்லை. அழுத்தம் எல்லை மீறினால் துண்டிக்கும் சுவிட்ச், கொம்பிரஸருக்குப் போகும் கட்டுப்பாட்டுக் கம்பியிலேயே நேராக இருக்கிறது. நிரல் என்ன சொன்னாலும் அது துண்டிக்கும். 230 வோல்ட் இணைப்புகளை அனுமதி பெற்ற மின்னியலாளர் செய்தார். வாயுக் குழாய்களில் நான் கை வைக்கவே இல்லை.

இப்போது நிரலில் பம்பை ஓட்டுவதற்கான வரிகள் ஐந்தாறுதான். மற்றதெல்லாம் ஒன்றும் தெரியாதபோது என்ன செய்வது என்பதற்கு. வீட்டில் இப்படியொன்று செய்கிறவர்கள், அது ஓடுகிறது என்பதோடு திருப்திப்பட வேண்டாம். ஓடிக்கொண்டிருக்கும்போதே சென்சரின் 5 வோல்ட் கம்பியைப் பிடுங்கிப் பாருங்கள். நின்று, உங்களைக் கூப்பிடுகிறதா? அப்படியென்றால் இரவில் அதை நம்பிப் படுக்கலாம்.