ஹாபி டைம்: கடைசி கோட்டிங்கில் மாடல் கெட்டுப்போச்சா? தூக்கிப் போடாதீங்க!

மூன்று வாரம் உட்கார்ந்து ஒட்டி, தேய்த்து, பெயின்ட் அடித்த ஸ்பிட்ஃபயர் விமானம். வார்னிஷ் மட்டும்தான் பாக்கி. ஸ்ப்ரே கேனை எடுத்து இரண்டே நிமிடத்தில் அடித்து முடித்தாயிற்று. காலையில் வந்து பார்த்தால், பச்சை இறக்கை மேல் கோலமாவைத் தூவியதுபோல வெள்ளை படர்ந்திருக்கிறது. பலர் இந்த இடத்தில்தான் மாடலைக் குப்பைக் கூடையில் போட்டு, ஹாபிக்கே முழுக்குப் போடுகிறார்கள். அதற்கு அவசியமே இல்லை!

புதியவர்களுக்காக: ஸ்கேல் மாடல் என்பது நிஜ விமானம், கார், கப்பல் போன்றவற்றை அளவு பிசகாமல் சுருக்கிச் செய்வது. பெட்டியில் 1/72 என்று போட்டிருந்தால், நிஜத்தில் 72 அடி இருப்பது உங்கள் மேஜையில் ஒரு அடி. வார்னிஷ் அதற்கான நிறமற்ற கடைசிப் பூச்சு. பளபளப்பானது கிளாஸ், பளபளப்பில்லாதது மேட், இரண்டுக்கும் நடுவில் சாட்டின். பெயின்ட்டும் டீகேல் ஸ்டிக்கரும் கைபட்டு உரியாமல் காப்பது இதுதான்.

முதலில், கை வைக்காதீர்கள்!

ஈரமாக இருக்கும்போது துணியால் துடைப்பது, விரலால் தொட்டுப் பார்ப்பது, அப்போதே மேலே இன்னொரு கோட்டிங் அடிப்பது... மூன்றும் கூடாது. பெரும்பாலும் கோளாறு வார்னிஷ் படலத்தோடு நின்றிருக்கும். அடியில் பெயின்ட் பத்திரமாக இருக்கும். ஈரத்தில் துடைத்தால் அதுவும் கையோடு வந்துவிடும். தூசி விழாமல் மூடிவைத்து முழுசாகக் காயவிடுங்கள். தின்னர் வாசனை அடித்தால் இன்னும் காயவில்லை என்று அர்த்தம்.

வெள்ளை படர்ந்திருந்தால்...

இதற்கு இரண்டு காரணங்கள். ஒன்று, காற்றிலுள்ள ஈரப்பதம். வார்னிஷில் இருக்கும் தின்னர் வேகமாக ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்கிறது. ஐஸ் வாட்டர் டம்ளரின் வெளியே துளிகள் சேர்வதுபோல, காற்றின் ஈரம் அங்கே படிந்து படலத்துக்குள் மாட்டிக்கொள்கிறது. சென்னை மாதிரி கடலோர ஊர்களில், அதுவும் ஐப்பசி, கார்த்திகை மழையில் இது சர்வசாதாரணம். இன்னொன்று, மேட் வார்னிஷைச் சரியாகக் குலுக்காமலோ, ரொம்பக் கனமாகவோ அடிப்பது. பளபளப்பைக் குறைப்பதற்காக அதில் சேர்த்திருக்கும் நுண்ணிய தூள் ஒரே இடத்தில் திட்டாகத் தங்கிவிடும்.

எளிய சோதனை ஒன்று இருக்கிறது. நன்றாகக் காய்ந்தபின், வெள்ளையான இடத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் வையுங்கள். ஈரம்பட்ட இடத்தில் நிறம் பளிச்சென்று திரும்பத் தெரிந்தால் கவலை வேண்டாம். பாத்ரூம் ஜன்னலின் சொரசொரப்பான கண்ணாடியில் தண்ணீர் பட்டால் அந்த இடம் மட்டும் தெளிவாகுமே, அதே கதைதான். வெயில் அடிக்கும், காற்று உலர்ந்த ஒரு நாளில் கிளாஸ் வார்னிஷை மெல்லிசாக அடியுங்கள். அது சொரசொரப்பை நிரப்பிவிட, வெள்ளை மறையும். அது காய்ந்த பிறகு, தேவையென்றால் மேட் வார்னிஷை மறுபடி மெல்லிசாக அடித்துக்கொள்ளலாம்.

ஆரஞ்சுத் தோல் மாதிரி இருந்தால்...

கார் மாடல்களில்தான் இது கண்ணை உறுத்தும். தூரத்திலிருந்து அடிக்கும்போது துளிகள் பாதி வழியிலேயே காய ஆரம்பித்து, பரவாமல் புள்ளி புள்ளியாக நின்றுவிடும். குறைந்தது ஒரு வாரம் காயவிட்டு, 2000 நம்பர் வாட்டர் பேப்பரைத் தண்ணீரில் நனைத்து, அழுத்தாமல் தேயுங்கள். பிறகு இன்னும் நைஸான பேப்பர். கடைசியில் பாலிஷ் காம்பவுண்ட். கதவு ஓரம், பானெட் விளிம்பு போன்ற கூரான இடங்களில் வார்னிஷ் மெல்லிசாக இருக்கும். அங்கே தேய்த்தால் அடி பெயின்ட் வந்துவிடும், உஷார்!

வார்னிஷ் வழிந்து கோடாக நின்றாலும், முடியோ தூசியோ ஒட்டினாலும் இதே வைத்தியம்தான். காயவிட்டு, அந்த இடத்தை மட்டும் தேய்த்துச் சமன்செய்து, மேலே ஒரு மெல்லிய கோட்டிங்.

டீகேல் வெள்ளி மாதிரி மின்னினால்...

சொரசொரப்பான மேட் பெயின்ட் மேல் நேரடியாக டீகேல் ஒட்டினால் அடியில் காற்று சிக்கிக்கொள்ளும். அதுதான் மின்னுகிறது. மேலே வார்னிஷ் அடித்தால் போகாது. அடிப்பதற்கு முன்பே கவனித்துவிட்டால், மெல்லிய ஊசியால் இரண்டு மூன்று இடத்தில் குத்தி, டீகேலை இளக்கும் திரவத்தைத் தொட்டு வையுங்கள். படிந்துவிடும். அடுத்த மாடலில் இந்த வரிசையை மறக்காதீர்கள்: பெயின்ட், கிளாஸ், டீகேல், மறுபடி கிளாஸ், கடைசியில் மேட்.

பெயின்ட்டே சுருங்கியிருந்தால்...

இதுதான் உண்மையிலேயே பெரிய பிரச்னை. எனாமல் பெயின்ட் மேல் லாக்கர் வார்னிஷை அடித்தால், அதிலிருக்கும் காட்டமான தின்னர் அடி பெயின்ட்டைக் கரைத்துச் சுருக்கிவிடும். சின்ன இடம் என்றால் காயவிட்டுத் தேய்த்து, அந்த இடத்துக்கு மட்டும் பெயின்ட் அடிக்கலாம். பெரிய இடம் என்றால் அந்தப் பாகத்தின் பெயின்ட்டை முழுசாக எடுத்துவிட்டு மறுபடி தொடங்குவதுதான் வழி. எனாமலுக்கு மேல் தண்ணீரில் கலக்கும் அக்ரிலிக் வார்னிஷ் பாதுகாப்பானது. எனாமல் முழுசாகக் காய்ந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

பெயின்ட்டை எடுக்கிறேன் என்று வீட்டிலிருக்கும் நெயில் பாலிஷ் ரிமூவரைத் தொட்டுவிடாதீர்கள். பெரும்பாலானவற்றில் அசிட்டோன் இருக்கிறது. கிட்டின் பிளாஸ்டிக்கையே அது உருக்கிவிடும்.

அடிக்கும் முன் நான்கு விஷயங்கள்

* கேனை இரண்டு நிமிடமாவது குலுக்குங்கள். 20 முதல் 30 செ.மீ. தூரத்தில், கையை நிறுத்தாமல் வீசி அடியுங்கள். ஒரு கனமான கோட்டிங்கைவிட மூன்று மெல்லிய கோட்டிங் மேல்.

* போனில் வெதர் ஆப்பைத் திறந்து ஈரப்பதத்தைப் பாருங்கள். 70 சதவீதத்தைத் தாண்டினால் அன்று ஸ்ப்ரே வேண்டாம்.

* விமானத்தின் கண்ணாடிக் கூண்டு, காரின் ஜன்னல்களை டேப் போட்டு மூடுங்கள். மேட் பட்டால் அவை மங்கிவிடும்.

* மொட்டைமாடியிலோ பால்கனியிலோதான் அடிக்க வேண்டும். கேனிலிருந்து வரும் வாயு தீப்பிடிக்கும் என்பதால் அடுப்பு, பூஜை விளக்கு எரியும் இடத்தில் கூடவே கூடாது. துணி மாஸ்க் தின்னர் ஆவியைத் தடுக்காது. கார்ட்ரிட்ஜ் பொருத்திய மாஸ்க் வாங்கிக்கொள்ளுங்கள். குழந்தைகள் மாடல் செய்தால் ஸ்ப்ரே வேலை பெரியவர்களுடையது.

எல்லாவற்றையும்விட மலிவான பாதுகாப்பு, ஒரு பிளாஸ்டிக் ஸ்பூன். மாடலுக்கு அடித்த அதே பெயின்ட்டை அதில் அடித்து, மிச்சமான டீகேல் ஒன்றை ஒட்டி, வார்னிஷை முதலில் அதில் சோதித்துவிடுங்கள். கெட்டால் ஸ்பூனோடு போகட்டும், மூன்று வார உழைப்பு தப்பிக்கும்!

(அடுத்த வாரம்: டீகேலைக் கிழியாமல் ஒட்டுவது எப்படி?)