தீர்ந்த கடனா, இடம் மாறிய கடனா?

சங்கங்களின் கணக்கை ஆராயச் செல்லும்பொழுது, தவணை தவறாத அங்கத்தினர் எத்தனை பேர் என்பதையே நாம் முதலில் பார்க்கிறோம். வசூல் நூற்றுக்கு நூறு என்றால் செயலாளருக்குப் பெருமை, நமக்கும் மகிழ்ச்சி. அந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்று மட்டும் நாம் கேட்பதில்லை. ஒரு சங்கத்தில் கேட்டோம். தவணை நாளன்று அறுபதினாயிரம் ரூபாய் கட்டிய உழவர் ஒருவர், முதல் நாள் மாலை அதனை வெளியில் ஐந்து வட்டிக்கு வாங்கி வந்திருந்தார். தவணை தவறாதவருக்குத் தமிழ்நாட்டில் கூட்டுறவுப் பயிர்க்கடன் வட்டியின்றிக் கிடைக்கிறது. அச்சலுகையைக் காத்துக்கொள்ளவே அவர் அவ்வாறு செய்தார். புதுக் கடன் வந்ததும் அடைத்துவிடலாம் என்று எண்ணியிருந்தார். அது வர இரண்டு மாதமாயிற்று. வெளி வட்டி ஆறாயிரம் ஆயிற்று. நமது ஏட்டில் “தீர்ந்தது” என்று எழுதப்பட்ட கடன் உண்மையில் தீரவில்லை, இடம் மாறியிருந்தது.

1904-ஆம் ஆண்டில் இந்நாட்டின் முதல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் இயற்றப்பட்டபோது, உழவர், கைவினைஞர், சிறு வருவாயினர் ஆகியோரிடையே சிக்கனத்தையும் தன்னுதவியையும் கூட்டுறவையும் வளர்ப்பதே அதன் நோக்கமாகக் கூறப்பட்டது. அவற்றுள் சிக்கனமே முதலாவது என்பதை நாம் மறந்துவிட்டோம். மறக்காதவர்களும் சிக்கனம் என்றால் செலவைக் குறைக்கச் சொல்லும் உபதேசம் என்று கருதுகின்றனர். காலையில் தறிக்குழியில் இறங்கி விளக்கு வைத்தபின் எழும் நெசவாளியிடம் ஆடம்பரத்தை விடுக என்று கூறுதல் பொருந்துமா? அவரிடம் இல்லாதது அடக்கமன்று. கணக்கே என்பது நமது கருத்து.

மாதச் சம்பளக்காரரைப் பார்த்து எழுதிய வரவு செலவுத் திட்டம் நம் அங்கத்தினர்களுக்கு உதவாது. நெசவாளிக்குச் சேலையை அறுத்துச் சங்கத்தில் ஒப்படைத்தால் கூலி. ஐப்பசி, கார்த்திகை மழையில் தெருவில் பாவு விரிக்க இயலாது, தறிக்குழியில் நீர் ஊறும், கூலி நின்றுவிடும், அடுப்பு நிற்பதில்லை. சம்பா பயிரிடுவோருக்குத் தை, மாசியில் கைநிறையப் பணம். ஆடி, ஆவணியில் கைம்முடை. கடன் நுழைவது இந்த இடைவெளிகளில்தான். ஆகவே நெசவாளி பாவுக்குப் பாவும், உழவர் போகத்துக்குப் போகமும் திட்டம் வகுக்க வேண்டும். வரவு வந்த அன்றே, அடுத்த வரவு வரும் வரையில் எத்தனை வாரம் என்று எண்ணி, உணவுக்கும் பள்ளிச் செலவுக்கும் மருந்துக்கும் உரியதை வாரவாரியாகப் பிரித்து வைத்தல் முதற்படி.

அடுத்தது, கடன்களை ஒரு தாளில் எழுதுதல். யாரிடம், எவ்வளவு, என்ன வட்டி என்று மூன்று பத்தி போதும். மனைவிக்குத் தெரியாமல் கணவரும், கணவருக்குத் தெரியாமல் மனைவியும் வாங்கிய கடன்கள் பல இல்லங்களில் உள்ளன. இருவரும் ஒன்றாக உட்கார்ந்து எழுதாத தாள் பயன்படாது. தண்டலை எடுத்துக்கொள்வோம். பத்தாயிரம் என்று எழுதி, கையில் 8,500 ரூபாய் கொடுத்து, நாள்தோறும் நூறு வீதம் நூறு நாள் வாங்குகிறார்கள். வட்டி 1,500 தானே என்று தோன்றும். ஆனால் கடன் நாளுக்கு நாள் கரைவதால், சராசரியாக நம் கையில் நிற்பது பெற்ற தொகையில் பாதியே. அப்பாதிக்கு நூறு நாளில் 1,500 என்றால், ஆண்டுக் கணக்கில் நூற்றுக்கு நூறையும் தாண்டும்.

மூன்றாவது, எதனை முதலில் அடைப்பது என்பது. பெரும்பாலோர் மைத்துனரிடம் வாங்கிய கைமாற்றையே முதலில் தீர்க்கின்றனர். நேரில் பார்க்க வெட்கமாக இருக்கிறதாம். வெட்கத்துக்கு வட்டி இல்லை. மைத்துனரிடம் உண்மையைச் சொல்லித் தவணை கேட்கலாம். ஐந்து வட்டி எவர் சொல்லையும் கேட்பதில்லை. அதனையே முதலில் ஒழிக்க வேண்டும். ஐந்து வட்டிக்கு இருபதினாயிரம் வாங்கியவர் மாதம் ஆயிரம் வட்டி செலுத்துகிறார். 23 மாதத்தில் 23,000 செலுத்தியும் முதல் அப்படியே நிற்கும். பெட்டியிலிருக்கும் நகையைக் கூட்டுறவுச் சங்கத்தில் ஈடுவைத்து அக்கடனை அடைத்தார் என்று கொள்வோம். சங்க வட்டி ஆண்டுக்குப் பன்னிரண்டு விழுக்காடு என்றே வைத்தாலும், முதல் மாத வட்டி இருநூறுதான். அதே ஆயிரத்தை மாதந்தோறும் சங்கத்தில் செலுத்தி வந்தால், 23-ஆம் மாதத்தில் முதலும் வட்டியும் தீர்ந்து நகையும் வீடு திரும்பும். ஆனால் வட்டி குறைந்தது என்று மகிழ்ந்து மிச்சமான எண்ணூற்றைச் செலவிட்டால், நகையும் போய்விடும்.

கடனை அடைக்கும் காலத்தில் சேமிப்பு எதற்கு என்று கேட்போர் உண்டு. ஒரு காய்ச்சலுக்கு இரண்டாயிரம் ரூபாய் கையில் இல்லாதவர், அடைத்த வாசலுக்கே திரும்பிச் செல்வார். ஆதலால் ஒரு மழைக்காலத்தைத் தாங்கும் சிறு தொகை சங்கச் சேமிப்பில் இருக்கட்டும். நெசவாளர் சங்கங்களில் கூலியில் பிடித்து, அரசின் பங்கும் சேர்த்து வைக்கப்படும் சிக்கன நிதி இத்தகையதே. அதனை ஒவ்வொரு திருவிழாவுக்கும் எடுத்துவிடுதல் விதைநெல்லைக் குத்தி உண்பது போலாகும்.

அங்கத்தினர்களுக்கு மட்டும் கடமையைச் சொல்லி நிறுத்துவது முறையன்று. தவணை கட்டியவருக்குப் புதுக் கடனைக் காலந்தாழ்த்தாது வழங்குவதும், முடித்துக் கொடுத்த சேலைக்குக் கூலியை அன்றே தருவதும் சங்கத்தின் கடன். கூலி பத்து நாள் தாமதித்தால், அப்பத்து நாளையும் தண்டல்காரர் எடுத்துக்கொள்வார். ஆய்வாளர்களாகிய நாமும் வசூல் விழுக்காட்டைக் குறித்துக்கொண்டு வண்டியேறுவதை விட்டு, பணம் வந்த வழியை ஒரு சொல் கேட்க வேண்டும். அடுத்த முறை அந்த உழவரின் சங்கத்துக்குச் செல்லும்போது, அக்கேள்வியையே முதலில் கேட்பதென்று நாம் முடிவு செய்திருக்கிறோம்.