பாதங்களைப் பராமரிக்கும் பணி



"என் மகள் பன்னிரண்டாம் வகுப்பை முடித்துவிட்டாள். பொடியாட்ரி எனப்படும் பாத மருத்துவம் படிக்க விரும்புகிறாள். இது நிலையான தொழில்தானா? எங்கே பணிசெய்வது நல்லது?" என்று மும்பையிலிருந்து ஒரு தாயார் எழுதியிருக்கிறார். தம் கணவர் சர்க்கரை நோயினால் வலது காலின் இரண்டு விரல்களை இழந்தவர் என்பதைக் கடிதத்தின் கடைசி வரியில் குறிப்பிட்டிருக்கிறார். மகளின் விருப்பம் எங்கே பிறந்தது என்பது அந்த வரியில் விளங்கிற்று.

இந்தப் பணிக்குத் தேவை உண்டு என்பதில் ஐயமில்லை. இந்தியாவில் சுமார் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக 2023இல் வெளியான தேசிய ஆய்வு கணக்கிட்டது. நோய் முற்றும்போது பாதத்தின் உணர்ச்சி மங்குகிறது. இரத்த ஓட்டமும் குறைகிறது. முள் குத்தினாலும் தெரிவதில்லை. தெரியாத புண்ணோடு நடக்கிறவர், ஒருநாள் காலையே இழக்க நேரிடுகிறது.

வலியில்லாமையே பாதத்தின் சத்துரு என்பதை நமக்கு விளங்கவைத்தவர்களுள் ஒருவர், கொல்லிமலையில் 1914இல் பிறந்த டாக்டர் பால் பிராண்ட். 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த அவர், தொழுநோயாளரின் கைகால்கள் தாமாக அழுகி விழுவதில்லை, உணர்ச்சியற்றதால் காயப்பட்டே அழிகின்றன என்று கண்டார். அந்த அறிவே பின்னர் சர்க்கரை நோயாளரின் பாதங்களையும் காக்க உதவிற்று.

இனி படிப்பைக் குறித்து. பிரிட்டனில் இதற்கான பட்டம் பெற்றுப் பதிவுசெய்தோரே இப்பெயரில் தொழில் செய்யலாம். அமெரிக்காவில் கல்லூரிப் படிப்புக்குப் பின் நான்கு ஆண்டுகளும், மருத்துவமனைப் பயிற்சிக்கு மூன்று ஆண்டுகளும் ஆகின்றன. நம் நாட்டிலோ இது இன்னும் வேரூன்றாத தொழில். துணை மருத்துவத் தொழில்களுக்கான 2021ஆம் ஆண்டுச் சட்டத்தின் பட்டியலில் இடம்பெற்றிருப்பினும், பாதப் புண்களைப் பெரும்பாலும் அறுவை மருத்துவர்களும் சர்க்கரை நோய் மருத்துவர்களும் செவிலியருமே கவனிக்கின்றனர். ஆகையால், சில மாதச் சான்றிதழை மாத்திரம் நம்பிப் பணம் கட்டவேண்டாம். நர்சிங், பிசியோதெரபி, அல்லது செயற்கை உறுப்புகளும் தாங்குகருவிகளும் செய்யும் படிப்பு ஆகியவற்றுள் ஒன்றில் முதலாவது பட்டம் பெறட்டும். அதன்மேல் பாதப் பராமரிப்பைக் கற்கட்டும். மூன்றாவதாகச் சொன்ன படிப்பு, மும்பை ஹாஜி அலியிலுள்ள மத்திய அரசின் மறுவாழ்வு மருத்துவ நிறுவனத்திலேயே உண்டு.

எங்கே பணிசெய்வது? பெரிய மருத்துவமனையின் பாதப் பிரிவில் சம்பளம் தொடக்கத்தில் குறைவாயிருக்கலாம். ஆனால் அறுவை மருத்துவர், இரத்தக்குழாய் மருத்துவர், காலணி செய்பவர் யாவரும் ஒரே நோயாளியைப் பார்ப்பதை அங்கே கற்கலாம். சர்க்கரை நோய் கிளினிக்கில் வேலைநேரம் ஒழுங்காயிருக்கும். உணர்ச்சியைச் சோதித்தல், நாடி பார்த்தல், காய்ப்பு நீக்குதல், நகம் வெட்டுதல் ஆகியவையே அன்றாடப் பணி. வீடு வீடாய்ச் சென்று முதியோரைக் கவனிப்பது பெருநகரங்களில் பெருகிவருகிறது. அதில் சுதந்திரமுண்டு, ஆனால் ஆபத்தான புண்ணைக் கண்டவுடனே அடையாளம் அறிந்து மருத்துவமனைக்கு அனுப்பும் தேர்ச்சி வேண்டும். தவறினால் இழப்பு நோயாளியின் கால் அல்லவா? எனவே முதல் சில ஆண்டுகள் குழுவாகப் பணிசெய்யும் இடமே உத்தமம். தனியாய்ப் பலகை மாட்டுவது பிறகு. வேலைக்குச் சேருமுன், "எனக்குக் கற்றுக்கொடுப்பவர் யார்? சந்தேகம் வந்தால் யாரிடம் கேட்பேன்?" என்று அவள் விசாரிக்கட்டும். சம்பளத்தை அதற்குப்பின் கேட்கலாம்.

அம்மா, முடிவெடுக்குமுன் அனுமதி பெற்று உங்கள் மகள் ஒருநாள் பாதப் பிரிவொன்றில் அமர்ந்து பார்க்கட்டும். புண்ணின் நாற்றத்தையும் முகஞ்சுளியாத கைகளையும் அங்கே காண்பாள். பின்னும் அவள் விரும்பினால் தடைசெய்யாதிருங்கள்.

அதுவரை அவள் காத்திருக்கவேண்டியதில்லை. ஒவ்வொரு இரவும் தகப்பனாரின் இரு பாதங்களையும் வெளிச்சத்தில் பார்க்கட்டும். விரலிடுக்குகளையும் குதிகாலையும் விடாமல். சிவப்போ கொப்புளமோ வெடிப்போ கண்டால், மறுநாளே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். அவளுடைய முதல் நோயாளி உங்கள் வீட்டிலேயே இருக்கிறார்.