ரவுட்டரைத் திறக்கும் உரிமை யாருக்கு?

வீட்டு ரவுட்டருக்கு ஒரு நல்ல குணம் உண்டு. உள்ளிருந்து யாரும் கேட்காத எதையும் அது வெளியிலிருந்து உள்ளே விடாது. கைபேசி ஓர் இணையதளத்தைக் கேட்டால், எந்தக் கருவி எந்தப் போர்ட் (இணைப்பு வாசல்) எண்ணிலிருந்து கேட்டது என்று தன் அட்டவணையில் குறித்துக்கொள்ளும். பதில் வந்ததும் குறிப்பைப் பார்த்து உரிய கருவியிடம் சேர்க்கும். குறிப்பில் இல்லாதது வந்தால் உதறிவிடும். இது பாதுகாப்புக்கென்றே யோசித்துச் செய்த ஏற்பாடு அல்ல. இணைய முகவரிக்கான ஐபிவி4 முறையில் மொத்தமே சுமார் 430 கோடி முகவரிகள்தான். அவை போதாது என்று தெரிந்தபோது, ஒரே முகவரியைப் பல கருவிகள் பகிர்ந்துகொள்ள 1990-களில் கண்ட வழி இது. பாதுகாப்பு என்பது கூடவே கிடைத்த லாபம்.

வெளியூரிலிருந்து வீட்டுக் கேமராவைப் பார்க்க நினைப்பவருக்கு இந்தக் குணமே இடைஞ்சல். அதற்குத்தான் போர்ட் ஃபார்வர்டிங். ரவுட்டரின் நிர்வாகப் பக்கத்தில் கடவுச்சொல் போட்டு நுழைந்து, '8080-க்கு வருவதை 192.168.1.64-க்கு அனுப்பு' என்று விதி எழுதிவைக்கிறோம். எழுதியவருக்கு எதைத் திறந்தோம் என்று தெரியும். அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. என் புகார் யுபிஎன்பி மீதுதான். இந்த வசதி இயங்கும் ரவுட்டர்களில், வீட்டுக்குள் இருக்கும் எந்தக் கருவியும் 'எனக்கு இந்தப் போர்ட்டைத் திற' என்று கேட்கலாம். பெரும்பாலும் கடவுச்சொல்கூடக் கேட்காமல் ரவுட்டர் திறந்துவிடும். வீட்டுக்காரருக்குத் தகவலே வராது.

திறந்த போர்ட்டின் விலை என்ன என்பதை உலகம் பார்த்துவிட்டது. 2016-இல் மிராய் என்ற தீநிரல், இணையத்திலிருந்து எட்டும்படி இருந்த கேமராக்களிலும் டிவிஆர்களிலும் ஆலையில் வைத்த கடவுச்சொற்களைப் போட்டுப் பார்த்தே புகுந்தது. அந்தக் கருவிப் படைதான் அக்டோபர் 21 அன்று, தளங்களின் பெயர்களை இணைய முகவரிகளாக மாற்றித் தரும் டைன் நிறுவனத்தைத் தாக்க, ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் போன்ற தளங்கள் பலருக்குக் கிடைக்காமல் போயின. 2022 ஜனவரியில் டெட்போல்ட் என்ற தீநிரல் க்யூநாப் சேமிப்பகங்களைப் பூட்டிப் பணம் கேட்டபோது, ரவுட்டரில் போர்ட் ஃபார்வர்டிங்கையும் சேமிப்பகத்தில் யுபிஎன்பியையும் உடனே அணைக்கும்படி க்யூநாப் நிறுவனமே வாடிக்கையாளர்களுக்குச் சொன்னது.

யுபிஎன்பி இல்லாவிட்டால் கேம் கன்சோல்கள் சிரமப்படும் என்பார்கள். சில விளையாட்டுகளில் அது உண்மைதான். ஆனால் கன்சோல் ஒன்றுக்கு மட்டும் விதி எழுதிக்கொள்ளலாம். அதற்காக வீட்டிலுள்ள மலிவுக் கேமராவுக்கும் அதே உரிமையைத் தர வேண்டியதில்லை. இதெல்லாம் சாமானியருக்குப் புரியாது என்ற வாதம் என் பக்கத்துக்கே வலு சேர்க்கிறது: புரியாதவர் வீட்டில்தான் கருவிகள் தாமாகத் திறந்துகொள்ளக் கூடாது. கேமரா பார்ப்பதற்கும் இன்று போர்ட் தேவைப்படுவது அரிது. பல கேமராக்கள் தாமே நிறுவனத்தின் சர்வரோடு இணைந்து படம் அனுப்புகின்றன. சர்வரை நம்பாதவர், வயர்கார்டு போன்ற விபிஎன் அமைத்து, சாவி வைத்திருப்பவர் மட்டும் நுழையும்படி ஒரே ஒரு போர்ட்டைத் திறந்தால் போதும்.

இணைய இணைப்பு தரும் நிறுவனங்கள் பலவும் ஒரே பொது முகவரியை நூற்றுக்கணக்கான வீடுகளுக்குப் பகிர்வதால் இப்போது போர்ட் ஃபார்வர்டிங்கே பலிப்பதில்லை, பிறகு பயம் எதற்கு என்று கேட்கலாம். ஆனால் ஐபிவி4-க்கு அடுத்த முகவரி முறையான ஐபிவி6 அந்தத் தடுப்பையும் நீக்குகிறது. அங்கே ஒவ்வொரு கருவிக்கும் தனிப் பொது முகவரி கிடைக்கிறது; முகவரிப் பஞ்சம் தந்த பாதுகாப்பு போய், ரவுட்டரின் ஃபயர்வால் மட்டுமே காவல் என்றாகிறது. எனவே ரவுட்டர் மாட்டித் தரும் நிறுவனங்கள் ஃபயர்வாலை இயக்கியும் யுபிஎன்பியை அணைத்தும் தர வேண்டும். அதுவரை நிர்வாகப் பக்கத்தைத் திறந்து நீங்களே அணைத்துவிடுங்கள்.