பீரங்கிக்குப் பச்சை வர்ணம்!

உலகத்து ராணுவங்களுக்கெல்லாம் திடீரென்று பூமாதேவியின் மீது பாசம் பொங்குகிறது! பாசறைக் கூரைகளில் சூரியத் தகடு, அதிகாரிகளுக்கு மின்சாரக் கார், விமானத்துக்குத் தாவர எண்ணெய் என்று சேதிக்கு மேல் சேதி. முதலாளித்துவப் பத்திரிகைகள் படத்தோடு போடுகின்றன. தில்லை நகர் குறுக்குத் தெருக்களில் காலை நடை போகும் கனவான்கள் அதைப் படித்துவிட்டு, "பட்டாளமே திருந்திவிட்டது, இந்த வைக்கோல் கொளுத்துகிற பயல்கள்தான் திருந்தவில்லை" என்று தலையை ஆட்டிக்கொள்கிறார்கள்.

பட்டாளம் திருந்தியதா, இல்லையா? கணக்கைப் பார்த்துவிடலாம், தோழர்களே!

நிலக்கரியும் பெட்ரோலும் டீசலும் எரிந்தால் கரியமில வாயு உண்டாகிறது. அது ஆகாயத்தில் சேரச் சேர பூமி சூடேறுகிறது. பெய்ய வேண்டிய காலத்தில் மழை பொய்க்கிறது. பெய்தால் ஊரையே அடித்துக்கொண்டு போகிறது. இதை விஞ்ஞானி வந்து நமக்குச் சொல்ல வேண்டியதில்லை. வானம் பார்த்து நாற்று விடுகிற விவசாயத் தொழிலாளிக்கும், நெசவுக்கூடத்து வெக்கையில் எட்டு மணி நேரம் நிற்கிற மில் தொழிலாளிக்கும் உடம்பே சொல்கிறது. ஆகவே புகையைக் குறைக்க வேண்டும் என்பதில் நமக்குத் தகராறு இல்லை. யாருடைய புகையை என்பதுதான் கேள்வி.

ஆலையின் புகைபோக்கியை அளக்க மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் இருக்கிறது. விவசாயிக்கோ அபராதம் இருக்கிறது. டில்லியைச் சுற்றியுள்ள மாநிலங்களில் அறுப்புக்குப் பின் தாளைக் கொளுத்தும் விவசாயிக்கு 2024 நவம்பரில் மத்திய சர்க்கார் அபராதத்தை இரட்டிப்பாக்கியது. இரண்டு ஏக்கருக்குள் வைத்திருப்பவன் 5,000 ரூபாய் கட்ட வேண்டும். ஐந்து ஏக்கருக்கு மேல் என்றால் 30,000. தாளை அறுக்க இயந்திரம் வாங்க வக்கில்லாதவன்தான் கொளுத்துகிறான் என்பது சர்க்காருக்குத் தெரியாதா? தெரியும். ஆனாலும் அவன் புகைக்குக் கணக்கு உண்டு, தண்டமும் உண்டு.

இப்போது தஞ்சாவூர்ப் பக்கம் வாருங்கள். அங்குள்ள விமானப்படைத் தளத்தில் 2020 ஜனவரி முதல் சுகோய்-30 போர் விமானங்களின் அணி ஒன்று நிறுத்தப்பட்டிருக்கிறது. வயலில் களை எடுக்கும் பெண்கள் அதன் இரைச்சலைக் கேட்டிருப்பார்கள். ஒரு சுகோய் விமானம் தன் வயிறு நிறையக் கொள்ளும் எண்ணெய் 9 டன்னுக்கு மேல். ஒரு கிலோ விமான எண்ணெய் எரிந்தால் மூன்று கிலோவுக்குச் சற்று அதிகமாகக் கரியமில வாயு வரும். ஆக, ஒரு விமானம் ஒருமுறை நிரப்பிய எண்ணெயை எரித்து முடித்தால் சுமார் 28 டன்! நம்முடைய தோழர் ஒருவர் பழைய மொபெட்டில் தினம் அரை லிட்டர் பெட்ரோல் போட்டு வேலைக்குப் போய் வருகிறார் என்று வையுங்கள். அவர் இந்த 28 டன்னை எட்ட அறுபது வருஷத்துக்கு மேல் வண்டி ஓட்ட வேண்டும். ஒரு ஆயுள் காலத்து மொபெட்டும் ஒரு டாங்க் எண்ணெயும் சரிக்குச் சரி!

மொபெட்டின் புகைக்குச் சான்றிதழ் வேண்டும். விமானத்தின் புகை எந்த ஏட்டில் ஏறுகிறது?

இங்கேதான் சூது இருக்கிறது. 1997ல் ஜப்பானில் கியோட்டோ நகரத்தில் உலக நாடுகள் கூடிப் புகையைக் குறைக்க ஓர் ஒப்பந்தம் போட்டன. அமெரிக்க யுத்த மந்திராலயமான பெண்டகனின் நிர்ப்பந்தத்தால் அதில் ஒரு ஓட்டை போடப்பட்டது. ராணுவக் கப்பல்களும் விமானங்களும் தேசம் விட்டுத் தேசம் போக எரிக்கும் எண்ணெயும், ஐ.நா. சாசனத்தின் பேரைச் சொல்லிப் பல நாடுகள் கூடி நடத்தும் யுத்தங்களின் புகையும் எந்த நாட்டின் கணக்கிலும் சேராது என்று எழுதிக்கொண்டார்கள். இவ்வளவு சலுகையும் வாங்கிக்கொண்ட அமெரிக்கா, கடைசி வரை அந்த ஒப்பந்தத்தை ஊர்ஜிதம் செய்யவே இல்லை! 2001ல் புஷ் சர்க்கார் பகிரங்கமாகக் கைகழுவியது. 2015ல் பாரிஸ் ஒப்பந்தம் வந்தபோது அந்த விலக்கு எடுக்கப்பட்டது. ஆனால் ராணுவப் புகையைத் தனியாகச் சொல்லியே தீர வேண்டும் என்ற கட்டாயம் அதிலும் இல்லை, இஷ்டமிருந்தால் சொல்லலாம். திருடனிடமே திருட்டுக் கணக்கை இஷ்டப்பட்டால் எழுதித் தரச் சொன்ன கதை. நம் நாட்டு ராணுவம் எரிக்கும் எண்ணெய்க்கும் தனிக் கணக்கு ஜனங்களின் முன்னே வைக்கப்படுவதில்லை.

அரைகுறையாகக் கிடைத்த விவரங்களைச் சேர்த்து 2022ல் விஞ்ஞானிகள் ஒரு மதிப்பீடு போட்டார்கள். உலகத்துப் புகையில் நூற்றுக்கு ஐந்தரைப் பங்கு ராணுவங்களுடையதாம். உலக ராணுவங்கள் எல்லாம் சேர்ந்து ஒரு தேசமாக இருந்தால், சீனா, அமெரிக்கா, இந்தியா ஆகியவற்றுக்கு அடுத்து நாலாவது இடம் அதற்குத்தான்! பெண்டகன் மட்டும் 2001 முதல் 2017 வரை 120 கோடி டன் புகையைக் கக்கியிருக்கிறது என்று அமெரிக்கப் பேராசிரியை நேட்டா கிராஃபோர்ட் கணக்கிட்டார். 2017ம் வருஷத்துப் பெண்டகன் புகை, ஸ்வீடன் என்ற முழு தேசத்தின் புகையை மிஞ்சியது. ஆப்கானிஸ்தானையும் ஈராக்கையும் கொளுத்திய வருஷங்கள் இவை என்பதை நினைவில் வையுங்கள்.

இவர்கள்தான் பச்சை வர்ணம் பூசிக்கொண்டு மேடைக்கு வருகிறார்கள். 2016ல் அமெரிக்கக் கடற்படை "மகத்தான பச்சைக் கடற்படை" என்று தம்பட்டம் அடித்து ஒரு கப்பற்படையை அனுப்பியது. என்ன பச்சை? எண்ணெயில் பத்தில் ஒரு பங்கு மாட்டுக் கொழுப்பிலிருந்து எடுத்ததாம். மீதி ஒன்பது பங்கு பழைய பெட்ரோலிய எண்ணெய்தான்! நம் நாட்டிலும் 2019 குடியரசு தினத்தன்று ஏ.என்.32 விமானம் பத்து சதவீதம் தாவர எண்ணெய் கலந்து பறந்தது. அந்த எண்ணெய் எதிலிருந்து வந்தது தெரியுமா? காட்டாமணக்கு!

காட்டாமணக்கு என்றதும் கோவை, திருவண்ணாமலைப் பக்கத்து விவசாயிகள் கசப்பாகச் சிரிப்பார்கள். இருபது வருஷத்துக்கு முன்னால் அதிகாரிகளும் கம்பெனிக்காரர்களும் வந்து, "தரிசிலே போடு, தண்ணீர் வேண்டாம், தங்கமாய்க் காய்க்கும்" என்று ஆசை காட்டினார்கள். போட்டவனுக்குச் சொன்ன விளைச்சல் வரவில்லை. பலர் செடியைப் பிடுங்கி எறிந்தார்கள். ஆடு மேய்ந்த நிலம் போனதுதான் மிச்சம். பட்டாளத்தின் எண்ணெய்ப் பசியைக் காட்டாமணக்கால் தீர்ப்பதென்றால் எத்தனை லட்சம் ஏக்கர் வேண்டும்? அது யாருடைய நிலமாக இருக்கும்?

மின்சார வண்டி விஷயமும் இப்படித்தான். தேர்ந்தெடுத்த சில படைப்பிரிவுகளில் சிறு வண்டிகளில் 25 சதவீதமும், பஸ்களில் 38 சதவீதமும், மோட்டார் சைக்கிள்களில் 48 சதவீதமும் மின்சாரத்துக்கு மாறும் என்று 2022 அக்டோபரில் ராணுவம் அறிவித்தது. மாறட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அந்தப் பட்டியலில் டாங்கி இருக்கிறதா? போர் விமானம் இருக்கிறதா? யுத்தக் கப்பல் இருக்கிறதா? எண்ணெயைக் குடிக்கிற பூதத்தை விட்டுவிட்டு, அதன் வாசலில் நிற்கும் சைக்கிளைத் துடைத்து வைக்கிறார்கள்.

புகையைக் குறைப்பது ஒரு பக்கம் இருக்கட்டும். "மாறும் பருவத்துக்கு ராணுவம் தன்னைத் தயார் செய்துகொள்கிறது" என்றும் சொல்கிறார்கள். தயாராவது யார்? அமெரிக்காவில் நார்ஃபோக் கடற்படைத் தளத்தில் கடல் மட்டம் ஏறுகிறதென்று தளத்தைக் காக்கப் பணம் கொட்டுகிறார்கள். தளம் பிழைக்கும். ஜவான் பிழைக்கிறானா? 2023 அக்டோபர் 4ந் தேதி சிக்கிமில் தெற்கு லோனாக் என்ற பனி ஏரி உடைத்துக்கொண்டு தீஸ்தாவில் பாய்ந்தபோது, கரையோரம் வண்டிகளோடு இருந்த ராணுவத்தினர் இருபது பேருக்கு மேல் அடித்துச் செல்லப்பட்டார்கள். 2016 பிப்ரவரி 3ந் தேதி சியாச்சினில் 19,600 அடி உயரத்தில் பனிச்சரிவு விழுந்து மெட்ராஸ் ரெஜிமெண்டைச் சேர்ந்த பத்துப் பேர் புதைந்தார்கள். அவர்களில் நாலு பேர் தமிழ்நாட்டவர். பட்டாளத்துக்குப் போகிறவன் யார் வீட்டுப் பிள்ளை? மழை பொய்த்த ஊரில் கூலி கிடைக்காமல் ஆள் எடுப்பு வரிசையில் நிற்கிறவன். வெயில் அவனை ஊரை விட்டு விரட்டியது. பனி அவனை மூடியது.

சியாச்சினில் 1984 முதல் இரண்டு ராணுவங்களும் எதிரெதிரே உட்கார்ந்திருக்கின்றன. துப்பாக்கிக் குண்டில் செத்தவர்களைவிடக் குளிரிலும் சரிவிலும் செத்தவர்கள் அதிகம். 2012 ஏப்ரலில் கயாரி என்ற இடத்தில் பாகிஸ்தான் தரப்பில் ஒரே சரிவில் 140 பேர் மாண்டார்கள். அவர்களும் ஏழை வீட்டுப் பிள்ளைகளே! குடிக்கிற தண்ணீருக்குக்கூடப் பனியை மண்ணெண்ணெய் அடுப்பில் உருக்க வேண்டும். உயரத்திலுள்ள காவல்முனைகளுக்கு அந்த மண்ணெண்ணெயையும் ரொட்டியையும் ஹெலிகாப்டர் சுமக்க வேண்டும். பனிமலை கரைகிறதே என்று கவலைப்படுகிறவர்கள், பனிமலையின் தலைமேலேயே அடுப்பு மூட்டி வைத்திருக்கிறார்கள். 1989 ஜூனில் இரு நாட்டுப் பாதுகாப்புச் செயலாளர்கள் கூடிப் பேசி, படைகளை மாற்றி நிறுத்த வழி காண்போம் என்று கூட்டறிக்கையே வெளியிட்டார்கள். அது அமலாகவில்லை. அமலாகியிருந்தால் எத்தனை உயிர் மிஞ்சியிருக்கும்! எந்தச் சூரியத் தகடும் குறைக்க முடியாத அளவு எண்ணெயும் மிஞ்சியிருக்கும்.

யுத்தமே வந்துவிட்டாலோ கேட்கவே வேண்டாம். காஜாவில் இஸ்ரேல் நடத்திய கொலைவெறித் தாக்குதலின் முதல் அறுபது நாளில் மட்டும் 2,81,000 டன் புகை என்று 2024 ஜனவரியில் ஆராய்ச்சியாளர்கள் மதிப்பிட்டார்கள். அதில் ஏறக்குறைய பாதி, அமெரிக்கா குண்டுகளைச் சுமந்து விமானங்களை ஓட்டிய வகையில்! உக்ரைன் யுத்தத்தின் முதல் மூன்று வருஷத்துக் கணக்கு 23 கோடி டன். இந்தப் புகையைக் குறைக்க என்ன எண்ணெய் கலப்பார்கள்?

"அப்படியானால் எல்லையைக் காக்க வேண்டாமா?" என்று தில்லை நகர்க் கனவான் மடக்குவார். காக்க வேண்டும் ஐயா! ராணுவத்தைக் கலைத்துவிடு என்று யாரும் சொல்லவில்லை. எரிக்கிற எண்ணெய்க்குக் கணக்கு காட்டு, பேசித் தீர்க்கக்கூடியதைப் பேசித் தீர்த்து எரிப்பதைக் குறை என்கிறோம். 2025-26 பட்ஜெட்டில் பாதுகாப்புக்கு 6 லட்சத்து 81 ஆயிரம் கோடி ரூபாய். 2024ல் உலகம் முழுதும் ராணுவத்துக்குக் கொட்டிய பணம் 2 லட்சத்து 71 ஆயிரம் கோடி டாலர். அதே வருஷம் நவம்பரில் பாக்கு நகரத்து மகாநாட்டில், வெள்ளத்திலும் வறட்சியிலும் சாகிற ஏழை நாடுகளுக்காகப் பணக்கார நாடுகள் முன்னின்று திரட்டித் தருவதாக ஒப்புக்கொண்டது வருஷத்துக்கு 30,000 கோடி டாலர். அதுவும் 2035க்குள்! ஒன்பதில் ஒரு பங்கு, பத்து வருஷத் தவணையில்.

இதைவிடக் கனமான கேள்வி ஒன்று திருச்சியிலேயே இருக்கிறது. நவல்பட்டுப் பக்கம் துப்பாக்கித் தொழிற்சாலையில் வேலை செய்யும் தொழிலாளி, "ஆயுதம் குறைந்தால் என் அடுப்பு என்ன ஆகும்?" என்று கேட்பான். நியாயமான கேள்வி. அவனுக்குச் சர்க்கார் செய்தது என்ன? 2021 அக்டோபர் 1ந் தேதி 41 ஆயுதத் தொழிற்சாலைகளை ஏழு கம்பெனிகளாக உடைத்தது. அதை எதிர்த்து வேலைநிறுத்த அறிவிப்பு கொடுத்தவுடன், வேலைநிறுத்தமே குற்றம் என்று முதலில் அவசரச் சட்டமும் பிறகு சட்டமும் கொண்டுவந்தது. அவனுடைய வேலையைக் காப்பாற்றும் கவலை இவர்களுக்குக் கிடையாது.

1970களில் இங்கிலாந்தில் லூக்காஸ் ஏரோஸ்பேஸ் கம்பெனித் தொழிலாளிகளுக்கு இதே நெருக்கடி வந்தது. அவர்கள் செய்துகொண்டிருந்ததில் ஏறக்குறைய பாதி ராணுவத்துக்கான சாமான். ஆட்குறைப்பு வந்தபோது தொழிற்சங்கப் பிரதிநிதிகள் ஒவ்வொரு தொழிற்கூடத்துக்கும் கேள்வித்தாள் அனுப்பினார்கள்: உங்களிடம் என்ன மெஷின் இருக்கிறது, ஜனங்களுக்குப் பயன்படும்படி அதில் என்ன செய்யலாம்? சுமார் 150 யோசனைகள் வந்தன. சிறுநீரக நோயாளிக்குச் சுத்திகரிப்பு இயந்திரம், எண்ணெயும் மின்சாரமும் சேர்ந்து ஓட்டும் என்ஜின், வெப்பப் பம்பு, காற்றாலை. முதலாளி ஏற்கவில்லை, லேபர் சர்க்காரும் கைகொடுக்கவில்லை. ஆனால் அவர்கள் சொன்ன கலப்பு என்ஜின் வண்டியை இன்று கம்பெனிகள் லாபத்துக்கு விற்கின்றன!

2018 ஆகஸ்ட் 22ந் தேதி இரவு முக்கொம்பில் கொள்ளிடம் அணையின் ஒன்பது மதகுகள் வெள்ளத்தில் போயின. ஆர்தர் காட்டன் 1836ல் கட்டிய அணை! கடைமடை காய்ந்துகொண்டிருக்கத் தண்ணீர் கடலுக்கு ஓடியது. அதே வருஷம் நவம்பரில் கஜா புயல் லட்சத்துக்கு மேல் மின்கம்பங்களைச் சாய்த்தது. மின்வாரியத் தொழிலாளிகள் இடுப்பளவுச் சேற்றில் நின்று, கம்பங்களைத் தோளில் சுமந்து நட்டார்கள். மதகுக் கதவும், அதைத் தூக்கும் பற்சக்கரமும், சேற்றில் கம்பம் நடும் கருவியும், மீட்புப் படகின் என்ஜினும் எஃகைக் கடைந்து செய்வதுதான். துப்பாக்கிக் குழலை மயிரிழை பிசகாமல் கடைகிற கைக்கு அது ஒரு பிரமாதமா? லூக்காஸ் தொழிலாளிகள் அனுப்பியது போன்ற ஒரு கேள்வித்தாளை நவல்பட்டிலும் தொழிற்சங்கங்கள் சுற்றுக்கு விடட்டும். லேத்தில் நிற்கிறவன் எழுதித் தரட்டும்.